பைலோனிடல் சைனஸ்: எந்த ஆபரேஷன் என்று முடிவெடுப்பது எப்படி

முதல் ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்?" இரண்டு வாரம் என்றார். மனம் குளிர்ந்துவிட்டது. பதினோராம் நாள் நாற்காலியிலிருந்து எழுந்தபோது பின்பக்கம் வெதுவெதுப்பாக ஏதோ நனைந்தது. தையல் பிரிந்திருந்தது. அந்தப் புண் ஆற பத்து வாரம் ஆனது. ஒரு வருஷத்தில் பழைய இடத்திலேயே மறுபடியும் சீழ்.

முதலில் நோயைப் புரிந்துகொள்ளுங்கள். இது மூலமும் இல்லை, பௌத்திரமும் இல்லை. வால் எலும்புக்கு மேலே பிட்டங்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில், உதிர்ந்த முடி தோலைத் துளைத்து உள்ளே போய்த் தங்கிவிடுகிறது. வியர்வை, உராய்வு, காற்றுப் புகாத ஆழம் எல்லாம் அதற்குத் துணை. ஆக, உள்ளே இருப்பதை வெட்டி எடுத்துவிட்டு அதே பள்ளத்தின் நடுக்கோட்டில் தையல் போட்டால், புண் எளிதில் ஆறாத இடத்தில் புதுப் புண்ணை வைத்த மாதிரி. எனக்கு நடந்தது அதுதான். நடுக்கோட்டைவிட்டு விலக்கித் தைத்தால் புண் சீக்கிரம் ஆறுகிறது, மறுபடி வருவதும் குறைகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இப்போது சீழ் கட்டி வீங்கியிருந்தால் ஒப்பிடவெல்லாம் நேரமில்லை. கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. முழு ஆபரேஷனைப் பற்றி வீக்கம் அடங்கிய பிறகு யோசிக்கலாம். துளை இருந்தும் வலி, கசிவு எதுவும் இல்லையென்றால் பொதுவாகக் கத்தியே வேண்டாம்.

அப்புறம், உங்கள் துளைகளை எண்ணுங்கள். வீட்டில் யாரையாவது மொபைலில் படம் எடுக்கச் சொல்லுங்கள்; கூச்சம் ஒரு நிமிஷம்தான். ஒன்றிரண்டு சின்னத் துளைகள், முதல் முறை என்றால் சிறிய சிகிச்சைகளிலிருந்து தொடங்கலாம். துளைகளை மட்டும் தோண்டி எடுப்பது, லேசர், எண்டோஸ்கோப் (கேமரா குழாய்), ஃபீனால் என்ற ரசாயனத்தை உள்ளே விடுவது என்று பல இருக்கின்றன. பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். திரும்ப வரும் வாய்ப்பு, பக்கத்துத் தோலை நகர்த்தி மூடும் ஃபிளாப் ஆபரேஷனைவிட அதிகம்தான். ஆனால் வந்தாலும் பெரிதாக எதையும் இழந்திருக்க மாட்டீர்கள்.

வெட்டித் திறந்தபடியே விடுவது இன்னொரு வழி. தையல் இல்லை, அதனால் பிரியவும் பிரியாது. ஆனால் அடியிலிருந்து சதை வளர்ந்து மூட வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்தப் புண்ணை உங்களால் பார்க்கவே முடியாது. தினமும் டிரெஸ்ஸிங் மாற்ற யார் இருக்கிறார்கள்? இதற்குப் பதில் இல்லையென்றால் இந்த வழியைத் தள்ளிவையுங்கள்.

பல துளைகள், கிளைவிட்ட பாதை, அல்லது என்னைப் போல இரண்டாம் முறை என்றால் ஃபிளாப். கரிடாகிஸ் என்ற கிரேக்க ராணுவ அறுவை நிபுணர் பள்ளத்தை ஆழமில்லாமல் ஆக்கி, தையலைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனார். 6,000 பேருக்கு மேல் செய்து, சுமார் 1 சதவீதத்தினருக்குத்தான் திரும்ப வந்தது என்று 1992இல் எழுதினார். எல்லார் கையிலும் அந்தக் கணக்கு வருவதில்லை. பாஸ்கம் என்ற அறுவை நிபுணரின் கிளெஃப்ட் லிஃப்ட் முறை இதற்கு நெருங்கிய உறவு. லிம்பெர்க் ஃபிளாப்பில் வைர வடிவில் வெட்டி, பக்கத்துத் தோலைத் திருப்பி வைப்பார்கள். தழும்பு பெரிது, சில இடம் மரத்துப் போகலாம். அதன் கீழ் முனை நடுக்கோட்டிலேயே விழுந்தால் அங்கேதான் மறுபடி முளைக்க வாய்ப்பு அதிகம். முனையைத் தள்ளி வைப்பீர்களா என்று கேளுங்கள்.

டாக்டர் எந்த முறையைச் சொன்னாலும் தையல் எங்கே வரும் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். என் இரண்டாவது டாக்டர் ஸ்கேன் சீட்டின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு வளைவு போட்டார். நடுவில் புள்ளிக்கோடு, அதைவிட்டு விரல் அகலம் தள்ளி ஒரு அழுத்தமான கோடு. "தையல் இங்கே." சரி என்றேன். இது போல எத்தனை செய்திருக்கிறீர்கள், எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்றும் கேட்டேன். முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள், புண்ணில் ஊறும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாயோடு திரிந்தேன். சிகரெட்டை ஆபரேஷனுக்கு முன்பே விட்டிருந்தேன்; புகை புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். இன்றும் முடி வெட்டிக்கொண்டு வந்தால் நேராகக் குளியலறைதான். தலையிலிருந்து உதிரும் குட்டை முடிகூட முதுகு வழியாக இறங்கி அந்தப் பள்ளத்தைத் தேடிப் போகும்.