சிகரெட்டை நிறுத்த காந்த சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலையில் காந்தச் சுருளை வைத்துத் துடிப்புகளைச் செலுத்தினால் ஆசை தானாகப் போய்விடும், நாம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். டி.எம்.எஸ். எனப்படும், காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டும் இந்தச் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்படும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பணத்தையும் நேரத்தையும் வீணாக்கக்கூடிய நினைப்பு இது.

மூளையின் உள்ளே இன்சுலா என்றொரு பகுதி இருக்கிறது. பக்கவாதம் போன்றவற்றால் அது சேதமடைந்த சிலர், பெரிய சிரமமில்லாமல் புகைப்பதை விட்டதோடு அந்த ஆசையே இல்லாமல் இருந்ததை 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இன்சுலாவையும் மூளையின் முன்பகுதியையும் எட்டும்படி அமைத்த ஒரு சுருளுக்கு, சிகரெட் பழக்கத்தை நிறுத்த உதவும் சிகிச்சையாக அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 ஆகஸ்டில் அனுமதி தந்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 262 பேர் பங்கேற்றார்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் அவர்களுக்கு வேண்டுமென்றே ஆசையைக் கிளப்பினார்கள். தம் அடிக்கத் தூண்டும் சூழலை மனதில் கொண்டுவரச் சொன்னார்கள், சிகரெட் படங்களைக் காட்டினார்கள். ஆசைக்குரிய நரம்புப் பாதைகள் விழித்திருக்கும் நேரத்தில் துடிப்பு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் கணக்கு.

உங்களுக்கு அந்தச் சூழல், மதிய சாப்பாட்டுக்குப் பிறகு தரமணி அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் டீக்கடையாக இருக்கலாம். அதை உண்மையாகவே நினைத்துப் பார்க்க வேண்டிய நிமிடங்களில் போனை நோண்டிக்கொண்டு இருக்காதீர்கள். இன்னொன்று, நிறுத்தும் தேதி. ஆய்வில் இருந்தவர்கள் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டார்கள். 'ஆசை முழுசா போகட்டும், அப்புறம் நிறுத்தறேன்' என்று காத்திருப்பவருக்கு அந்த நாள் வருவது கடினம்.

அளவுக்கு மீறி எதிர்பார்ப்பதும் தவறு. 18-வது வாரம் வரையிலான கணக்கில், உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 19 பேர் புகையை விட்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, உண்மையான துடிப்பு இல்லாத போலிச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 9 பேர். இரண்டு மடங்கு என்பது நல்ல பலன்தான். ஆனால் பலருக்குப் பலிக்கவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. யாராவது 'கட்டாயம் விட்டுவிடுவீர்கள்' என்று உறுதி கொடுத்தால் அந்த இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

நாலு நாள் போய்விட்டுச் சிகிச்சையைப் பாதியில் விடுவது அடுத்த தவறு. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று வாரம், பிறகு வாரம் ஒன்றாக மூன்று என்று 18 அமர்வுகள் அந்த ஆய்வில் இருந்தன. துடிப்பு செலுத்துவது சுமார் 18 நிமிடம்தான், போய்வருவதுதான் பாடு. தாம்பரத்தில் இருப்பவர் அண்ணா நகரில் பதிவு செய்தால் இரண்டாவது வாரமே சலிப்பு வந்துவிடும். வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ பக்கத்தில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மருத்துவரிடம் மறைப்பதுதான் ஆபத்தான தவறு. இந்தச் சிகிச்சையில் அரிதாக வலிப்பு வரக்கூடும். முன்பு வலிப்பு வந்தது, தலைக்காயம், தினமும் குடிப்பது, நைட் ஷிஃப்டால் தூக்கம் கெட்டிருப்பது, சாப்பிடும் மாத்திரைகள் என எல்லாவற்றையும் சொல்லுங்கள். புகையை விடுவதற்குக் கொடுக்கப்படும் புப்ரோபியான் மாத்திரையே வலிப்பு வாய்ப்பைக் கூட்டக்கூடியது. தலைக்குள் உலோக கிளிப், காது கேட்பதற்காகப் பொருத்தும் காக்ளியர் கருவி, இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் பேச்சைத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். இயந்திரத்தின் சத்தம் பலமானது, காதடைப்பான் இல்லாமல் உட்காராதீர்கள். தலைவலி வரலாம். 'ஷாக் ட்ரீட்மென்ட்' என்று பயந்து ஒதுங்கவும் வேண்டாம். மயக்க மருந்து கிடையாது, விழித்தபடியே இருப்பீர்கள்.

சென்னையில் மனச்சோர்வுக்கு டி.எம்.எஸ். கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே உள்ள சுருள் புகைப்பழக்கத்துக்காக ஆராயப்பட்ட அதே சுருள்தானா என்று நேராகக் கேளுங்கள். வழக்கமாகப் பயன்படும், 8 என்ற எண்ணின் வடிவில் இருக்கும் சுருளின் துடிப்பு அவ்வளவு ஆழம் போகாது. வாயில் ஒதுக்கும் புகையிலைக்காரர்கள் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன கணக்கு சிகரெட் பிடிப்பவர்களை வைத்து வந்தது.

இதையெல்லாம் கேட்பதற்கு முன்னால், நிகோடின் சூயிங்கம், புகைக்கும் ஆசையைக் குறைக்கும் வரெனிக்ளின் மாத்திரை, ஆலோசனை ஆகியவற்றை ஒழுங்காக முயன்று பார்த்தீர்களா? பலர் சூயிங்கத்தை மிட்டாய் மாதிரி விடாமல் மென்று துப்பிவிட்டு 'வேலை செய்யலை' என்கிறார்கள். லேசாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356. காந்த சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒரு முறை பேசிப் பாருங்கள்.