சப்ளையரிடம் முதலில் அட்வான்ஸ் நோட்டைக் கேளுங்கள்

மதுரைக்குப் பக்கத்துக் கப்பலூரில் பருத்திப் பை தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் எச்.ஆர். வேலையும், சட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கிற காம்ப்ளையன்ஸும் என் பொறுப்பு. எங்கள் சரக்கை வாங்குகிற லண்டன் பையரிடமிருந்து வருஷா வருஷம் ஒரு கேள்வித்தாள் வரும். பிரிட்டனில் 2015-ல் வந்த நவீன அடிமைமுறைச் சட்டப்படி, ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், தங்கள் சப்ளை செயினில், அதாவது சரக்கு கை மாறி வருகிற வழியில், அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்கிறோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். அந்தச் சட்டம் நேராக நம்மைத் தொடாது. கேள்வித்தாள்தான் தொடும். "கட்டாய உழைப்பு உண்டா?" என்ற இடத்தில் நாம் "இல்லை" என்று டிக் அடிப்போம். நம் நூல் மில்லும் அதையே அடிக்கும், மில்லுக்கு ஆள் பிடித்துத் தருகிற ஏஜென்டும் அதையே சொல்வார். சரி, உண்மையிலேயே தடுக்க நினைக்கிற கம்பெனி என்ன செய்யலாம்? அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். அடிமை என்றதும் சங்கிலியை நினைத்துக்கொள்கிறோம். நம் பக்கத்தில் அதன் பெயர் அட்வான்ஸ். 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. முன்பணம் வாங்கிய காரணத்துக்காக ஒருவருக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்காமல் போனால், அல்லது வேறு வேலைக்குப் போக முடியாமல், வெளியே நடமாட முடியாமல், தன் சரக்கைச் சந்தை விலைக்கு விற்க முடியாமல் போனால் அது கொத்தடிமை முறை. நான்கில் ஒன்று இருந்தாலே போதும். ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை பார்த்தவர்கள் வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்புதான் என்றது. அதனால் "எங்க ஆளுங்க யாரையும் கட்டிப் போடலையே மேடம்" என்று மில் மேனேஜர் சிரித்தால், நீங்களும் சிரித்துவிட்டுச் சம்பளப் பதிவேட்டைக் கேளுங்கள்.

வேலையைச் சொந்த கேட்டிலிருந்து தொடங்குங்கள். தையல் லைனில் இருப்பவர்களுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஆடிட்டர் பார்ப்பது அவர்களைத்தான். செக்யூரிட்டி, கேன்டீன், லோடுமேன், கக்கூஸ் கழுவுகிறவர்கள் எல்லோரும் கான்ட்ராக்டர் ஆட்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கிற வாட்ச்மேனுக்குச் சட்டப்படியான ஓ.டி. இரட்டிப்புக் கூலி வருகிறதா என்று பாருங்கள். அவருடைய ஆதாரும் ஏ.டி.எம். கார்டும் யாரிடம் இருக்கின்றன என்று கேளுங்கள். ஒரு சூப்பர்வைசர் மேஜையைத் திறந்தபோது ரப்பர் பேண்ட் போட்ட ஏ.டி.எம். கார்டுக் கட்டு ஒன்று கிடந்தது. ஒவ்வொரு உறையின் மேலும் பால்பாயிண்டில் நான்கு இலக்க எண். "பத்திரமா இருக்கட்டும்னு அவங்களே கொடுத்தாங்க" என்றார். பேங்க் மூலம் சம்பளம் போட்டதாக ரசீது காட்டினால் ஆடிட்டில் பாஸ். பணத்தை எடுக்கிற கை யாருடையது என்று ரசீதில் தெரியாது.

அப்புறம்தான் சப்ளையர்கள். எல்லோரையும் ஒரே வருஷத்தில் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். நூல் மில், தறி, சாயம், பிரிண்டிங், அட்டைப்பெட்டி, லாரி என்று ஒரு தாளில் எழுதி, எங்கே வெளியூர் ஆட்கள் தங்கி வேலை செய்கிறார்கள், எங்கே ஏஜென்ட் இருக்கிறார், எங்கே முன்பணம் புழங்குகிறது என்று மூன்று குறி போடுங்கள். மூன்றும் விழுகிற இடத்துக்கு முதலில் போங்கள். கம்பெனிகள் வழக்கமாகக் கொள்முதல் தொகையை வைத்து வரிசை போடும். என்னைக் கேட்டால் அது தப்பு. புது குடோன் கட்டினால் அந்தச் செங்கல்லும் உங்கள் சப்ளை செயின்தான். ஒரே ஒரு தடவை வாங்குகிற சரக்கு என்பதால் எந்தப் பட்டியலிலும் அது வராது. ஆனால் மூன்று குறியும் விழுவது அங்கேதான்.

செங்கல் சூளையில் நான் பார்த்த அட்வான்ஸ் நோட்டைச் சொல்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அறுபது பக்க நோட்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். மேலே புருஷன் பெயர் மட்டும். பொண்டாட்டி பெயர் எங்கேயும் கிடையாது, கல் அறுக்கிறது இரண்டு பேரும். அட்வான்ஸ் தொகை சிவப்பு மையில். கீழே வாராவாரம் செலவுக்காசு, அரிசி, ஆஸ்பத்திரி என்று கழிவு. அறுத்த கல் எண்ணிக்கை ஓரமாக, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. மழை பெய்து கரைந்த பச்சைக் கல்லுக்குக் கூலி இல்லை. "எப்பம்மா ஊருக்கு?" என்று கேட்டேன். "கணக்கு முடிஞ்சாத்தான் போகணும்க்கா" என்றார் அந்த அம்மா. அந்தப் பக்கத்தில் கணக்கு முடிகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு நோட்டு கைக்கு வந்தால் மூன்று விஷயம் பாருங்கள்: கழிவு போக மிச்சம் குறைந்தபட்சக் கூலிக்கு மேலே இருக்கிறதா, ஒவ்வொருவர் பெயரிலும் தனிக் கூலி இருக்கிறதா, போன சீசன் பாக்கி இந்த சீசன் தலையில் ஏறியிருக்கிறதா.

நூல் மில் வேறு விதம். சுமங்கலித் திட்டம் என்று ஒரு காலத்தில் வெளிப்படையாகவே நடந்தது. வயசுப் பிள்ளைகளை மூன்று வருஷம் ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கி, கடைசியில் கல்யாணத்துக்கென்று மொத்தத் தொகை தருவோம் என்பார்கள். பாதியில் போனால் மொத்தமும் போச்சு. அந்தப் பெயரில் இப்போது யாரும் போர்டு வைப்பதில்லை. ஆனால் ஊக்கத்தொகை, போனஸ், டெபாசிட் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சம்பளத்தின் ஒரு பகுதி கடைசி நாள் வரை பிடித்து வைக்கப்படுகிறதா என்று கேளுங்கள். ஹாஸ்டலில் அவுட்பாஸ் நோட்டைப் புரட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே போய் ஒரே நேரத்தில் திரும்பியிருந்தால், வார்டன் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறார் என்று அர்த்தம். பெண்கள் ஹாஸ்டலுக்கு 2014-ம் வருஷத் தமிழ்நாடு சட்டப்படி உரிமம் வேண்டும், அதையும் வாங்கிப் பாருங்கள்.

தொழிலாளர்களிடம் "உங்களைக் கட்டாயப்படுத்துறாங்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் சொல்ல மாட்டார்கள். "போன பொங்கலுக்கு ஊருக்குப் போனியாம்மா? யார் வந்து கூட்டிட்டுப் போனாங்க? டிக்கெட் யாரு எடுத்தா?" என்று கேளுங்கள். டிக்கெட் கேள்வி முக்கியம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வருகிற பையனுக்கு ரயில் காசு ஏஜென்ட் போட்டால், அதைச் சம்பளத்திலிருந்து பிடிக்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. ஆள் சேர்க்கிற செலவு முழுக்கக் கம்பெனியுடையது, தொழிலாளி ஒரு பைசா தரக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மொழிபெயர்க்க மில் சூப்பர்வைசரை வைக்காதீர்கள், உங்கள் ஆளைக் கொண்டுபோங்கள். பேச்சை மில்லுக்குள் வைக்காமல் டீக்கடையில் வைத்தால் இன்னும் நல்லது.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன்களை அட்வான்ஸ் கொடுத்து வட மாநில முறுக்குக் கம்பெனிகளுக்குக் கூட்டிப்போன கதை நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? நம் பிள்ளை அங்கே போனால் கொத்தடிமை என்கிறோம். அங்கிருந்து இங்கே வந்தவனை "வேலைக்காக வந்திருக்கான்" என்கிறோம். முதலாளியிடம் பட்ஜெட் கேட்கப் போகும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், சட்டப் பிரிவைவிட சீக்கிரம் வேலை செய்யும்.

விலையைப் பற்றியும் அவரிடம் பேச வேண்டியிருக்கும். பத்து நாள் வேலையை நாலு நாளில் கேட்டு, பைசா குறைத்து, பில்லுக்குத் தொண்ணூறு நாள் கடன் சொன்னால், சப்ளையர் அந்தச் சுமையைக் கீழே இறக்குவார். அவருக்குக் கீழே இருப்பது தொழிலாளி மட்டும்தான். கொள்முதல் மேனேஜர் இல்லாமல் இந்தக் கூட்டத்தை நடத்தாதீர்கள்.

தப்பு கண்டுபிடித்துவிட்டீர்கள், என்ன செய்வது? உடனே ஆர்டரை நிறுத்தாதீர்கள். ஆதாரம் மறையும், ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாக வேறு இடத்துக்குப் போவார்கள். நாமே கடனைக் கட்டி மீட்டுவிடலாம் என்ற நல்ல மனசும் வேண்டாம். சட்டப்படி அந்தக் கடனே செல்லாது, கட்டினால் அந்தச் சப்ளையருக்கு அடுத்த குடும்பத்துக்கான அட்வான்ஸ் ரெடி. அந்தச் சப்ளையருக்குத் தெரியாமல் கலெக்டருக்கோ கோட்டாட்சியருக்கோ (ஆர்.டி.ஓ.) எழுத்தில் புகார் கொடுங்கள். ஆர்.டி.ஓ. விசாரித்து விடுதலைச் சான்று தந்தால்தான் அந்தக் குடும்பத்துக்கு உடனடி நிதி 30,000 ரூபாய் வரையும், பின்னால் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம் என்ற மறுவாழ்வுத் தொகையும் நகரும். குழந்தைகள் இருந்தால் 1098, குழந்தைகள் உதவி எண். சப்ளையரைத் திருத்த முடியும் என்றால் தேதி போட்ட திட்டம் கேளுங்கள். குழந்தையை வைத்து வேலை வாங்கியவர், அடித்தவர் என்றால் திட்டமெல்லாம் வேண்டாம், விட்டு விலகுங்கள்.

நாம் போகாத நாட்களில் யார் பார்ப்பது? புகார்ப் பெட்டி வேஸ்ட், அதன் சாவி மேனேஜரிடம் இருக்கும். திண்டுக்கல் பக்கம் ஒரு ஆலையில் வேலை பார்த்த பெண் தொழிலாளி ஒருவர் 2021-ல் கொலையான பிறகு, பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கமும் ஆலை நிர்வாகமும் வெளிநாட்டு பிராண்டுகளும் 2022-ல் ஒப்பந்தம் போட்டார்கள். தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள், புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை, ஆலை மீறினால் பிராண்டுகள் வியாபாரத்தில் நடவடிக்கை எடுக்கும் கடமை. ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இப்படி ஒரு மாதிரி நடந்திருக்கிறது. உங்கள் மில்லில் சங்கம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இருந்தால் இதைக் காட்டுங்கள்.

கடைசியில் பையருக்கு எழுதுகிற அறிக்கை. எந்த மில்லுக்குப் போனோம், எதற்குப் போகவில்லை, என்ன கிடைத்தது, எத்தனை பேருக்குப் பிடித்த பணம் திரும்பியது என்று எழுதி டைரக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று எழுத நேர்ந்தால், எப்படித் தேடினோம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அதன் சுருக்கத்தைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்து ஹாஸ்டல் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், உங்கள் போன் நம்பரோடு.