மழையிலும் பனியிலும் துணி காயவைப்பது

துணி காய வெயிலைவிடக் காற்றுதான் முக்கியம். ஈரத்துணியை ஒட்டி நிற்கும் காற்று கொஞ்ச நேரத்திலேயே ஈரத்தால் நிறைந்துவிடும். அது விலகி உலர்ந்த காற்று வந்தால்தான் மிச்ச ஈரம் கிளம்பும்.

கொடிக்குப் போகும் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். 5 கிலோ பருத்தித் துணி, ஸ்பின் முடிந்த பிறகும் சுமார் இரண்டரை முதல் மூன்றரை லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மெஷினின் ஸ்பின் வேகத்தை நிமிடத்துக்கு 800 சுற்றுக்குப் பதில் 1200 சுற்று வைத்தால் அதில் அரை லிட்டருக்கு மேல் குறையும். கையால் துவைத்தால், பிழிந்த துணியை உலர்ந்த டவலில் வைத்துச் சுருட்டி, ஏறி மிதியுங்கள். பிறகு பலமாக உதறுங்கள்.

துணிக்குத் துணி நான்கு விரல் இடைவெளி வேண்டும். ஜீன்ஸை உள்வெளியாகத் திருப்பி, பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிட்டு, இடுப்பின் முன்பக்கத்தை ஒரு கொடியிலும் பின்பக்கத்தை அடுத்த கொடியிலும் கிளிப் போடுங்கள். உள்ளே காற்று ஓடும். போர்வையை இரண்டு கொடிகளில் அகலமாக விரித்துப் போட்டால் ஒரு மடிப்பு இன்னொன்றில் ஒட்டாது. கம்பளியைத் தொங்கவிடக் கூடாது, ஈரக்கனத்தில் நீண்டுவிடும். தட்டையாக விரியுங்கள்.

கோடையில் கவலை சாயம் வெளுப்பதுதான். வண்ணத்துணியை உள்வெளியாக்கி நிழலில் போட்டால் போதும்.

சிக்கலெல்லாம் மழைக்காலத்தில். வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் ஜன்னலை மட்டும் நம்ப முடியாது. வழக்கமான துவையலில் பாதியை மட்டும் போட்டு, ஸ்டாண்ட் ஃபேனைப் பக்கவாட்டில் வைத்து, துணிகளின் இடைவெளிக்குள் காற்று போகும்படி திருப்புங்கள். ஜன்னலைச் சற்றே திறந்து வையுங்கள். ஏசி இருந்தால் ட்ரை மோடில் ஓடவிட்டு ஜன்னலை மூடிவிடலாம். துணி நெடுநேரம் ஈரமாகவே கிடந்தால் பாக்டீரியா பெருகி முடைநாற்றம் அடிக்கும். அந்த வாடை வந்தபின் வாசனைத் திரவம் ஊற்றுவது வீண். துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் மறுபடி துவைப்பதே வழி.

குளிர்காலத்தில் கணக்கே வேறு. 5 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 7 கிராம் நீராவிதான் தாங்கும். அதே காற்று வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடானால் 17 கிராம் வரை தாங்கும். எனவே வெளியே தூறினாலும் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறந்து மூடினால் பலன் உண்டு. கண்ணாடியில் நீர் கோத்தால் மறுபடி திறக்கும் நேரம் வந்துவிட்டது. விட்டால் சுவரில் பூசணம் பிடிக்கும். உறைபனியில் வெளியே போட்ட துணி விறைத்துப்போகும். பனிக்கட்டி நேராக ஆவியாகி மெல்லக் காயும். விறைத்த துணியை மட்டும் மடக்காதீர்கள், இழை முறியும். ஹீட்டரை மூடித் துணி போடுவது தீவிபத்துக்கு அழைப்பு.

பருவம் மாறும் மாதங்களில் பகல் காய்ந்தாலும் மாலையில் பனி இறங்கும். பொழுது சாயுமுன் எடுக்காவிட்டால் காய்ந்த துணி திரும்ப ஈரம் வாங்கிக்கொள்ளும். எடுக்கும்போது தையல், பாக்கெட், இடுப்புப்பட்டி ஆகியவற்றைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் மடிக்காமல் இன்னும் ஒரு மணி நேரம் ஃபேன் முன்னால் தொங்கவிடுங்கள்.