பன்னீர் திராட்சைச் சக்கையைப் பொடியாக்குவது எப்படி?

கம்பத்தில் சித்தி வீடு இருப்பதால் எங்கள் வீட்டில் திராட்சைக்குப் பஞ்சமே இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க அறுவடை நடக்கும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை அங்கு விளைவதுதான். அதில் ஜூஸ் போட்டுவிட்டு, சக்கையை ரோஜாச் செடிக்குக் கொட்டிக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை தொடங்கிய பிறகு, சத்து எதில் இருக்கிறது என்று தேடிப் படித்தேன். அப்போதுதான் கொட்டியதன் அருமை தெரிந்தது.

நார்ச்சத்து ஏறக்குறைய முழுவதும் தோலிலும் கொட்டையிலும்தான் இருக்கிறது. கொட்டையைக் கடித்தால் நாக்கைப் பிடிக்கும் அந்தத் துவர்ப்புக்கு டானின்கள் காரணம். அவற்றில் பெரிய மூலக்கூறுகள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றை உடைத்து, உடல் ஏற்கும் சிறு பொருள்களாக மாற்றுகின்றன. திராட்சைக்கொட்டைச் சாற்றை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் சிலவற்றில் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. கொஞ்சம்தான் இறங்கியது, அதுவும் செறிவூட்டிய சாற்றுக்கு. நாம் அரைக்கப்போவது உணவு. இதை நம்பி மாத்திரையை நிறுத்தவே கூடாது.

கழுவுதல். தோலோடு சாப்பிடப்போவதால் இதில் அவசரம் வேண்டாம். காம்பிலிருந்து உதிர்த்து, உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, மூன்று தடவை அலசுங்கள். மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் பழத்தின் இயற்கையான மெழுகு, பயப்பட வேண்டாம். தோட்டத்தில் வாங்கினால் கடைசியாக மருந்து அடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டு வாங்குங்கள்.

பிழிதல். மிக்ஸி வேண்டாம். கொட்டை உடைந்து ஜூஸ் கசந்துவிடும், சக்கையும் கூழாகிப் பரப்பவே வராது. கையால் மசித்து, பழைய வேட்டித் துணியில் கட்டி முறுக்குங்கள். எந்த ஜூஸரைவிடவும் எனக்கு இதுதான் பிடிக்கும்.

காயவைத்தல். பிழிந்த கையோடு பரப்பிவிட வேண்டும். மதியம் வரை பாத்திரத்தில் விட்டாலே புளித்த வாடை வரும். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே மெல்லிய துணி கட்டி மாடியில் வையுங்கள். மழைக்காலத்தில் ஓவனில் 60 டிகிரியில், கதவை லேசாகத் திறந்துவைத்து உலர்த்தலாம்.

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். இரண்டாம் நாள் மாலை தோல் அப்பளம்போல் நொறுங்கியது. சரி, காய்ந்துவிட்டது என்று எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துப் பாட்டிலில் அடைத்தேன். பத்தாவது நாள் மூடியைத் திறந்தால் ஈரச் சாக்கு வாடை, ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை. மொத்தத்தையும் கொட்டினேன். தோல் காய்ந்தாலும் கொட்டைக்குள் ஈரம் இருந்திருக்கிறது.

அதனால் தோல் நொறுங்கும் பதம் வந்ததும் கையால் கசக்கி, கண் பெரிதாக உள்ள சல்லடையில் சலியுங்கள். கொட்டை கீழே விழும், ஒட்டிவரும் தோல் துணுக்குகளைப் புடைத்து எடுங்கள். கொட்டையை மட்டும் இன்னும் இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். பல்லில் அழுந்தினால் இன்னும் ஒரு நாள்.

அரைத்தல். மிக்ஸியின் சட்னி ஜாரே போதும். தோலைத் தனியாக அரையுங்கள். கொட்டையில் எண்ணெய் இருப்பதால், விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி ஜாரின் அடியில் அப்பிக்கொள்ளும். அந்த எண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கும். அதனால் கொட்டையை முழுதாகவே வைத்துக்கொண்டு, பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் அரைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன். 2 கிலோ பழத்துக்கு எனக்கு 130 கிராம் பொடி கிடைக்கிறது.

சாப்பிடுதல். முதல் வாரம் அரைத் தேக்கரண்டி போதும், அப்புறம் ஒரு தேக்கரண்டி. எடுத்த எடுப்பிலேயே அதிகம் போட்டால் வயிறு உப்பும். தண்ணீரும் நிறையக் குடியுங்கள். மோரில் கலந்தால் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும். கேழ்வரகுக் கூழில் கலந்தால் அப்படித் தெரிவதில்லை, அப்பாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இட்லிப் பொடியிலும் கலக்கலாம்.

பின்சேர்க்கை: இரும்புச்சத்து மாத்திரையோடு சாப்பிடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். டானின் இரும்பை உடலில் சேரவிடாது, அதனால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இன்னொன்று, வீட்டில் நாய் இருந்தால் சக்கைத் தட்டை அதற்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், சக்கையும் அப்படித்தான்.