அயர்லாந்துக்கு ஜோடியாகப் போகிறவர்களுக்கு: ஒரு மூலை போதும்

முதல் தடவை திட்டம் போட உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரர் ஓர் எக்செல் தாளைத் திறந்து, ஏழு நாளில் பதினோரு ஊர்களை அடுக்கினார். டப்ளின், கால்வே, மோஹர் பாறைகள், பெல்ஃபாஸ்ட், கார்க் என்று தீவைச் சுற்றி ஒரு பிரதட்சணம். “ஏங்க, இதுல எங்க இறங்கி நடக்கிறது?” என்று கேட்டேன். தேடிப் பார்த்தார். நடப்பதற்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை.

கடைசியில் தென்மேற்கில் இருக்கும் கெர்ரி மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். டப்ளினில் ஓர் இரவு, கில்லார்னியில் நான்கு, டிங்கிளில் இரண்டு. கெர்ரியைத் தேர்ந்தெடுத்ததற்கு அழகு ஒரு காரணம், மழை இன்னொரு காரணம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகம் முதலில் மோதுவது இந்த மேற்குக் கரை மலைகளில்தான். தினம் ஓர் ஊர் என்று போனால் மழை பிடித்த நாளில் அந்த ஊர் போச்சு. ஒரே இடத்தில் நான்கு இரவு தங்கினால் நாளைய மலையை நாளன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம். கீழே சொல்வதெல்லாம் அந்த வசதியை நம்பித்தான்.

படி 1: விசா

அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, யூரோதான் நாணயம். ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் பகுதியில் இல்லை. கையில் ஷெங்கன் விசா இருக்கிறதே என்று போய் நிற்காதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் குறுகிய காலத் தங்கலுக்கான ‘சி’ விசா எடுக்க வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, மற்ற ஆவணங்களோடு விண்ணப்ப மையத்தில் கொடுக்க வேண்டும். ஒருமுறை நுழைவதற்கான கட்டணம் 60 யூரோ. முடிவு தெரியும்வரை விமானச் சீட்டு வாங்க வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். பயணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

தம்பதியாகப் போகும் நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் கடவுச்சீட்டில் அவருடைய அப்பா பெயர், என்னுடையதில் என் அப்பா பெயர். விண்ணப்பத்தைப் பார்க்கிறவருக்கு நாங்கள் யாரோ எவரோ. அதனால் திருமணப் பதிவுச் சான்றிதழின் நகலை இருவருடைய ஆவணக் கட்டிலும் வைத்து, எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரைத்தான் சேர்த்துக்கொள்வோம் என்று கடிதத்தில் இரண்டு வரி எழுதினோம்.

இன்னொன்று. ஜயன்ட்ஸ் காஸ்வே எனும் அறுகோணத் தூண் பாறைகளும் பெல்ஃபாஸ்ட்டும் இருப்பது வட அயர்லாந்தில். அது பிரிட்டனைச் சேர்ந்தது, உங்கள் ஐரிஷ் விசாவில் ‘பி.ஐ.வி.எஸ்.’ (பிரிட்டன், அயர்லாந்து கூட்டு விசாத் திட்டம்) என்ற குறிப்பு இல்லையென்றால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். எல்லையில் சோதனைச்சாவடி இல்லை என்பதால் பலர் தெரியாமல் போய் வருகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே, ஜூன், செப்டம்பர். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். மழைக்காக மத்தியானம் வரை அறையில் கிடந்தாலும் நான்கு மணிக்குக் கிளம்பி ஒரு மலையைப் பார்த்துவிடலாம். ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டமும் வாடகையும் கூடும். குளிர்காலத்தில் பல படகுகள் ஓடுவதில்லை.

படி 3: இரண்டை மட்டும் முன்பதிவு செய்யுங்கள்

தங்குமிடம், படகு. மற்றதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தங்குவதற்கு ‘பி அண்ட் பி’ எனப்படும் வீட்டு விடுதிகள் நன்றாக இருக்கும். காலைச் சாப்பாடு அவர்களே தருவார்கள், இன்றைக்கு எந்தப் பாதை சேறாக இருக்கும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். தட்டில் கறுப்பாக, வட்டமாக இருப்பது பிளாக் புட்டிங். பெயரைப் பார்த்து இனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், பன்றி இரத்தத்தில் செய்வது. சைவம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படகில் ஸ்கெல்லிக் மைக்கேல் தீவுதான் கடினமானது. கடலுக்கு நடுவே கூர்ப்பாறை, அதன் மேல் ஆதிகாலத் துறவிகள் கட்டிய கல் குடில்கள், யுனெஸ்கோ பட்டியலில் 1996-இல் சேர்ந்தது. நாளுக்குச் சுமார் 180 பேரைத்தான் இறங்க விடுகிறார்கள், அதுவும் மே நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான். பல மாதம் முன்பே இடம் நிரம்பிவிடும், அலை அதிகமிருந்தால் அன்று காலையில்கூட ரத்தாகும். ஏறியாக வேண்டிய 618 படிகளுக்குக் கைப்பிடி கிடையாது. உயரம் என்றால் தலை சுற்றும் என் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு நான் அந்தப் பக்கமே போகவில்லை. தீவில் இறங்காமல் சுற்றி மட்டும் காட்டும் படகும் உண்டு. முதல் தடவைக்கு அது போதும்.

படி 4: பை

குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். காற்று அதைப் பிடுங்கிக்கொள்ளும். தொப்பி வைத்த மழைச் சட்டை, மழைக் கால்சட்டை, கணுக்கால் வரை வரும் நடைக் காலணி, இவை மூன்றும் முக்கியம். ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. கோடையிலேயே பெரும்பாலும் 15 முதல் 20 டிகிரிதான், காற்றடித்தால் அதைவிடக் குளிரும். ஒரே கனமான ஸ்வெட்டருக்குப் பதிலாக மெல்லிய உடுப்புகளை அடுக்கிப் போட்டால், ஏறும்போது ஒன்றைக் கழற்றி நிற்கும்போது மாட்டிக்கொள்ளலாம். அங்கே சதுரக் கால்கள் கொண்ட மூன்று முள் பிளக். இலங்கையில் சில வீடுகளில் இருப்பதுதான். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அடாப்டர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 5: காரை டப்ளினில் எடுக்காதீர்கள்

விமானத்தில் இரவெல்லாம் தூங்காமல் வந்து, இறங்கியதும் அறிமுகமில்லாத நகரத்தில் கார் ஓட்டுவது தேவையில்லாத வீரம். டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து கில்லார்னிக்கு ரயில் இருக்கிறது. மூன்றே கால் மணி நேரம் பிடிக்கும், பெரும்பாலும் மாலோவில் மாற வேண்டும். கில்லார்னிப் பக்கத்தில் ஃபாரன்ஃபோரில் உள்ள கெர்ரி விமான நிலையத்தில் வாடகைக் கார் கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்குக் கில்லார்னியில் சைக்கிளே போதும். டிங்கிளுக்குக் கிளம்பும் நாளில் காரை எடுத்தால் பணமும் மிச்சம்.

நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். பாதிப் பயம் அங்கேயே போய்விடும். மீதிப் பயம் சாலையின் அகலத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கல் சுவர், நடுவில் புல் முளைத்த கிராமத்துப் பாதைகளில் எதிரே டிராக்டர் வந்தால் யாராவது பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். வழி விட்டால் எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவார். அதுதான் நன்றி. இரண்டாம் நாளே எங்கள் விரலும் தானாக எழ ஆரம்பித்துவிட்டது. அப்புறம், சின்ன கார் எடுங்கள். கியர் போட வராது என்றால் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்று முன்பே சொல்லுங்கள். வாடகை கொஞ்சம் கூடும்.

நாங்கள் செய்த தப்பு ஒன்று. நான் ஓட்டுவதாகப் பேச்சு, கடன் அட்டையோ அவர் பெயரில். கவுண்டரில் முடியவே முடியாது என்றுவிட்டார்கள். பிணைத்தொகையை ஓட்டுநர் பெயரில் உள்ள கடன் அட்டையில்தான் பிடித்து வைப்பார்களாம். கடைசியில் அவரை முதல் ஓட்டுநராகவும் என்னைக் கூடுதல் ஓட்டுநராகவும் எழுதி, அதற்கும் தனிக் காசு வாங்கினார்கள். யார் ஓட்டப்போகிறீர்களோ அவர் பெயரில் அட்டை இருக்கட்டும். இந்திய உரிமத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் கேட்பார்கள்.

படி 6: கில்லார்னியில் டன்லோ கணவாய்

ஒரே ஒரு நாள்தான் வெயில் அடிக்கும் என்றால் அந்த நாளை இதற்குக் கொடுங்கள். படகு, சைக்கிள், மலை மூன்றும் ஒரே சுற்றில் வருகிறது, பயிற்சி எதுவும் வேண்டாம்.

முந்தைய நாளே ஊரில் சைக்கிள் வாடகைக்கு எடுத்துவிட்டுப் படகுக்கும் சொல்லி வையுங்கள். காலையில் ராஸ் கோட்டைக்கு ஓட்டிப் போனால் அங்கே கூரையில்லாத படகு நிற்கும். சைக்கிள்களையும் அதிலேயே ஏற்றிவிடுவார்கள். எங்கள் படகில் பன்னிரண்டு பேர், ஏழு சைக்கிள். படகு முதலில் லாக் லீன் என்ற பெரிய ஏரியைக் கடக்கும். அப்புறம் மூன்று ஏரிகளின் நீரும் கலக்கும் இடம், நம் கணக்கில் ஒரு முக்கூடல். அங்கே பழைய கல் பாலத்தின் வளைவுக்கு அடியில் நீரோட்டம் இழுக்கும். தண்ணீர் குறைவாக இருந்ததால் படகோட்டி எங்களை இறங்கி நடக்கச் சொன்னார். நாங்கள் கரையில் நின்று பார்க்க, மோட்டாரை முடுக்கிப் படகை எதிர்நீரில் ஏற்றினார். படகின் அடி கல்லில் உரசும் சத்தம் கேட்டது. “நம்ம சைக்கிள் போச்சு” என்றார் வீட்டுக்காரர். போகவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து லார்ட் பிராண்டன் காட்டேஜில் இறங்கலாம். அங்கே சூப்பும் ரொட்டியும் கிடைத்தால் சாப்பிட்டுவிடுங்கள், அடுத்தது ஏற்றம். 1970களில்தான் மின்சாரம் வந்த பிளாக் வேலி என்ற பள்ளத்தாக்கு விரியும். பாதை வளைந்து வளைந்து கணவாய் உச்சிக்கு ஏறும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமே வேண்டாம், எல்லோரும் தள்ளுகிறார்கள். இருவரில் ஒருவருக்கு மூச்சு வாங்கும் என்றால் அவருக்கு மட்டும் பேட்டரி சைக்கிள் எடுங்கள். இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் முன்னால் போய்க் காத்திருப்பதும் இன்னொருவர் பின்னால் வந்து முறைப்பதுமாக எங்கள் முதல் நாள் கழிந்தது.

உச்சியிலிருந்து கேட் கியர்னி காட்டேஜ் வரை ஏரிகள், பாறைகள், ஆடுகளுக்கு நடுவே இறக்கம். குதிரை வண்டிகள் எதிரே வரும், வேகத்தைக் குறைத்து ஓரமாக நில்லுங்கள். அங்கிருந்து கில்லார்னிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். முழுச் சுற்றும் மாலை ஐந்துக்குள் முடிந்துவிடும்.

மற்ற நாட்களுக்கு: மழை தூறும் நாளில் டார்க் அருவி. சுமார் 20 மீட்டர்தான், குற்றாலத்தைப் பார்த்த கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆனால் சுற்றியுள்ள பாசி படர்ந்த ஓக் காடு மழையில்தான் அழகு. ஜூனில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் ரோடோடென்ட்ரானைப் படம் எடுக்காதவர் இல்லை. அது வெளியிலிருந்து வந்து காட்டை விழுங்கும் செடி, பூங்காக்காரர்கள் வெட்டி மாளவில்லை. மேகம் இல்லாத நாளில் 535 மீட்டர் டார்க் மலை, பெரும்பகுதி மரப்பலகைப் பாதை.

1,038 மீட்டர் காரன்டூஹில் நாட்டின் மிக உயர்ந்த சிகரம். எண்ணைப் பார்த்துக் கொடைக்கானலில் பாதிதானே என்று கிளம்பிவிடாதீர்கள். கிட்டத்தட்ட கடல் மட்டத்திலிருந்து ஏற வேண்டும், வழக்கமான பாதையில் கல் சரிவு, மேகம் இறங்கினால் கண் முன்னே ஒன்றும் தெரியாது. வழிகாட்டி இல்லாமல் புதியவர்கள் போக வேண்டாம். எந்த மலைக்குப் போனாலும் காலையில் வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வண்ணத்தில் சொல்வார்கள். ஆரஞ்சு என்றால் அன்றைக்கு டீக்கடைதான். அவசரத்துக்கு 112-ஐ அழைத்து மலை மீட்புக் குழு வேண்டும் என்று கேளுங்கள்.

படி 7: டிங்கிள்

கில்லார்னியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மேற்கே போகப் போகச் சாலைப் பலகைகள் ஐரிஷ் மொழிக்கு மாறிவிடும், டிங்கிள் ‘அன் டேங்கன்’ ஆகிவிடும். இரண்டு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக் கதவில் ஆங்கில எழுத்தில் ‘ம்னா’ என்று இருக்கும். ‘எம்’மில் தொடங்குவதால் ஆண்களுக்கு என்று என் வீட்டுக்காரர் தைரியமாகத் தள்ளினார். ம்னா என்றால் பெண்கள், ஃபிர் என்றால் ஆண்கள்.

ஸ்லே ஹெட் வட்டப்பாதையைக் கடிகார முள் திசையில் ஓட்டுங்கள், பேருந்துகளும் அப்படியே போவதால் குறுகிய வளைவில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் ஒரு நாள் ஆகும். வழியில் கூமினூல் கடற்கரையில் இறங்கி மணலில் நில்லுங்கள், நீந்த வேண்டாம், உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. எதிரே தெரிவது கிரேட் பிளாஸ்கெட் தீவு. 1953-இல் கடைசிக் குடும்பங்களையும் அரசு கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. கடல் அமைதியாக இருந்தால் படகில் போய் வரலாம்.

காலரஸ் கல் ஜெபக்கூடத்தை மழையில் பாருங்கள். கவிழ்த்த படகு மாதிரி இருக்கும், சுண்ணாம்புக் கலவை இல்லாமல் கல்லின் மேல் கல் வைத்துக் கட்டியது. ஒவ்வொரு கல்லையும் வெளிப்பக்கம் லேசாகச் சரித்து வைத்திருப்பதால் தண்ணீர் வெளியே வழிந்துவிடுகிறது. நாங்கள் போனபோது நல்ல மழை. உள்ளே நுழைந்து சுவரைத் தடவிப் பார்த்தேன், காய்ந்த கல். எங்கள் மழைச் சட்டைகளிலிருந்து சொட்டியதுதான் தரையில் ஈரம்.

மாலையில் உணவகச் சமையலறைகளை ஒன்பது மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள், வெளிச்சத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அசைவக்காரர்களுக்கு மீன் சவுடர் எனும் கெட்டியான மீன் சூப், மற்றவர்களுக்குக் காய்கறி சூப், பழுப்பு ரொட்டி, வெண்ணெய். டீ நம் ஊர் மாதிரியே திடமாக, பாலோடு வரும்.

மோஹர் பாறைகள் இல்லையா என்று கேட்பீர்கள். இன்னும் இரண்டு நாள் இருந்தால் டார்பர்ட்டில் காரோடு ஃபெரியில் ஏறி ஷானன் ஆற்றைக் கடந்து கிளேர் மாவட்டத்துக்குப் போங்கள், கடப்பது இருபது நிமிடம்தான். எங்களுக்கு அந்த இரண்டு நாள் இல்லை. எக்செல் தாளில் அது இன்னும் சிவப்பு நிறத்தில் இருக்கிறது.