ராட்வைலருக்கு வாய்மூடி பழக்குவது எப்படி?

எங்கள் ராட்வைலர் நாய் கருப்பனுக்கு நாலு வயது, 48 கிலோ. நாய் கடிக்காமல் இருக்க மாட்டும் வாய்மூடியை வாங்கி வந்த அன்றே அவனை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு மாட்டிவிட்டேன். இரண்டே நிமிடத்தில் பிறாண்டிக் கழற்றிவிட்டான். அதற்கப்புறம் வாய்மூடி இருக்கும் பையை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வான். அந்தத் தப்பைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாதம் ஆனது. நீங்கள் ஒழுங்காகத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் பழக்கிவிடலாம்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கில் ஒரு பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இரண்டையும் புதிதாக வளர்க்க சென்னை மாநகராட்சி தடை போட்டது. ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்கள் வெளியே கூட்டிப்போனால் லீஷும் (பிடித்து நடத்தும் வார்) வாய்மூடியும் கட்டாயம். எல்லா ராட்வைலரும் கடிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொமரேனியன் கடிப்பதும் இது கடிப்பதும் ஒன்றா?

முதலில் சரியான வாய்மூடி. துணியில் குழாய் மாதிரி வருவதை வாங்காதீர்கள். நாய்க்கு வியர்த்துக் கொட்டாது; வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் அந்த வாயை இறுக்கிக் கட்டினால் உயிருக்கே ஆபத்து. கூடை மாதிரி இருப்பதுதான் வேண்டும். போட்டபடியே நாய் வாயைப் பிளந்து இளைக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். மூக்கு நுனிக்கும் கூடைக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி, கழுத்து வாருக்குள் இரண்டு விரல் நுழையும் தளர்வு. கடைக்கு நாயையே கூட்டிப்போய் அளவு பார்ப்பது நல்லது.

முதல் இரண்டு மூன்று நாள் மாட்டவே வேண்டாம். கூடையைத் தரையில் வையுங்கள். நாய் வந்து மோந்தால் ஒரு துண்டு வேகவைத்த ஈரல். அவ்வளவுதான்.

அடுத்தது மூக்கை நுழைப்பது. முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். கூடையின் உள்பக்க நுனியில் கெட்டித் தயிரைத் தடவி, கிண்ணத்தை நீட்டுவதுபோல் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கூடை நாயைத் தேடிப் போகக் கூடாது, மூக்கு கூடையைத் தேடி வர வேண்டும். கருப்பன் முதல் நாள் கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்கால் இரண்டையும் ஓடுவதற்குத் தயாராக வைத்துக்கொண்டுதான் நக்கினான். நாலாம் நாள் கூடையைப் பார்த்ததும் வால் ஆடியது. அப்படி ஆடும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். தயிருக்குப் பதில் நிலக்கடலை வெண்ணெய் தடவுகிறவர்கள் டப்பாவைப் படித்துப் பாருங்கள். சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்திருந்தால் அது நாய்க்கு விஷம்.

அப்புறம் வார். நக்கிக்கொண்டிருக்கும்போதே காதுக்குப் பின்னால் வாரைக் கொண்டுபோய், பூட்டாமல் எடுத்துவிடுங்கள். பழகியதும் பூட்டி, ஐந்து நொடியில் கழற்றுங்கள். பிறகு அரை நிமிடம், ஐந்து நிமிடம், வீட்டுக்குள் ஒரு நடை. காலால் பிறாண்டினால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். திட்டாமல் ஒரு படி பின்னால் போங்கள். ஊசி போடும் நாளில் மட்டும் மாட்டினால் கூடை என்றாலே ஊசி என்று பதிந்துவிடும். சாப்பாட்டுக்கு முன், விளையாட்டுக்கு முன் என்று சும்மாவும் மாட்டுங்கள்.

வாய்மூடி கடியைத்தான் தடுக்கும். 48 கிலோ பாய்ந்து மோதினால் குழந்தை விழத்தான் செய்யும். அதனால் லீஷ் நாலைந்து அடிக்கு மேல் வேண்டாம். இழுத்தால் தாங்கத் தெம்பில்லாதவர் கையில் அதைக் கொடுக்கவும் வேண்டாம். வீட்டு கேட்டின் தாழ்ப்பாளைத் தினமும் பாருங்கள். வெறிநாய்த் தடுப்பூசி வருடா வருடம். உறுமினால் அடிக்காதீர்கள், அது நாய் தரும் எச்சரிக்கை. அடித்து நிறுத்தினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கலாம். நம் அலட்சியத்தால் ஆபத்து வந்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

தெருவுக்கு முதல் நடையைக் கூட்டமில்லாத நேரத்தில் வையுங்கள். நாங்கள் விடியற்காலை ஐந்தரைக்குப் போனோம். எதிர்வீட்டு அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கருப்பனைப் பார்த்தால் மாவுக் கிண்ணத்தோடு உள்ளே போய்விடுவார். அன்று நிமிர்ந்து பார்த்து, "என்ன தம்பி, மாட்டுக்கு வாய் கட்டின மாதிரி கட்டியிருக்கே?" என்றார். அப்புறம் குனிந்து, விட்ட புள்ளியிலிருந்து கோலத்தைத் தொடர்ந்தார்.