பியர்-டு-பியர் நெறிமுறை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வரை நம்பி ஓடும் ஆப்பில் தவறு இருந்தால் இரவோடு இரவாகத் திருத்திவிடலாம். சர்வரை நம்பாமல் பயனர்களின் கருவிகளே (பியர்கள்) நேரடியாகப் பேசிக்கொள்ளும் பியர்-டு-பியரில் அது நடக்காது. நேற்று வந்த பதிப்பும், யாரோ எப்போதோ நிறுவிவிட்டு மறந்துபோன பதிப்பும் ஒன்றோடொன்று பேசும். யாரையும் அப்டேட் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. கருவிகள் எப்படிப் பேச வேண்டும் என்ற விதிகளை, அதாவது நெறிமுறையை, சொல்லும் ஆவணத்தில் விட்டுப்போனது பெரும்பாலும் விட்டுப்போனதுதான். கிண்டி, தரமணி, ஓஎம்ஆர் பக்கம் கல்லூரி பிராஜெக்டாகவோ சின்ன நிறுவனமாகவோ இந்த வேலையில் இறங்குகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அடிக்கடி பார்க்கிற தவறு, ஒரே வைஃபையில் இரண்டு லேப்டாப்பை வைத்துச் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. ஒரு லேப்டாப்பை மொபைல் டேட்டாவுக்கு மாற்றிப் பாருங்கள், இணைப்பு கிடைக்காமல் போக நிறைய வாய்ப்புண்டு. காரணம், இணைய நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பது. சென்னையில் பல வீட்டு பிராட்பேண்டும் இப்படித்தான். ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி முகவரி (WAN) 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்களும் அந்த வரிசையில்தான் இருக்கிறீர்கள். 2012-இல் ஆர்எஃப்சி 6598 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளைச் சொல்லும் எண்ணிட்ட ஆவண வரிசை) இதற்கென்றே ஒதுக்கிய முகவரிகள் அவை.

இப்படிப் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும், முகவரி மாற்றும் பெட்டிகள் இப்படி இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று அனுமானிப்பது அடுத்த சறுக்கல். இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான ஐஈடிஎஃப்பே அதில் சறுக்கியிருக்கிறது. வெளியே தன் முகவரி எப்படித் தெரிகிறது என்று கண்டறிய 2003-இல் வந்த ஸ்டன் (STUN) தரநிலை அவற்றை நான்கு வகையாகப் பிரித்தது. நிஜப் பெட்டிகள் அந்த நான்குக்குள் அடங்கவில்லை. 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5389 அந்த வகைப்பாட்டையே கைவிட்டது. இன்று ஐஸ் (ICE) என்ற முறை (ஆர்எஃப்சி 8445) எதையும் ஊகிப்பதில்லை: சாத்தியமான முகவரிகளைச் சேகரித்து, ஜோடி ஜோடியாக முயன்று பார்த்து, வேலை செய்வதை எடுத்துக்கொள்கிறது. எதுவும் சரிவராவிட்டால் இரு பக்கச் செய்திகளையும் வாங்கிக் கைமாற்றும் ஒரு ரிலே சர்வர் நடுவில். அந்த ரிலேவை யார் நடத்துவார், செலவு யாருடையது என்பதையும் ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள். பலர் இதை எழுதுவதே இல்லை.

அப்புறம், முகவரிக்கு நான்கு பைட் மட்டும் ஒதுக்காதீர்கள். கோப்புகளைப் பகிரும் பியர்-டு-பியர் நெறிமுறையான பிட்டோரண்டின் சுருக்க வடிவத்தில் ஒரு பியருக்கு ஆறு பைட்: முகவரிக்கு நான்கு, போர்ட்டுக்கு இரண்டு. 16 பைட் நீள முகவரி கொண்ட ஐபிவி6 வந்தபோது அதற்குத் தனிப் பிற்சேர்க்கை ஆவணங்களே எழுத வேண்டியிருந்தது.

நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 'கொளத்தூர்' என்ற பெயரில் ஒரு பிடிஎஃப் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரின் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8-இல் முழுப் பெயரும் முதல் முறையில் 27 பைட், இரண்டாவதில் 30 பைட். கோப்பை அடையாளம் காணக் கணக்கிடும் ஹேஷ் என்ற கைரேகை எண்ணுக்குள் கோப்பின் பெயரும் போகும் நெறிமுறையில், பிட்டோரண்டும் அப்படித்தான், இரண்டு பேரிடமும் ஒரே பிடிஎஃப் இருந்தும் ஹேஷ் வேறாகி, ஒருவரையொருவர் கண்டுபிடிக்கவே மாட்டார்கள். 'பெயர் யூடிஎஃப்-8-இல் இருக்கும்' என்று எழுதினால் போதாது. ஹேஷ் போடும் முன் பெயரை யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) மாற்ற வேண்டும், வந்த பைட்டுகளைப் பெறுகிறவர் மாற்றக்கூடாது என்று இரண்டையும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிக்கிறவர்கள் கண்ணில் இது படவே படாது. தமிழில் சோதிக்க நம்மை விட்டால் யார்?

வார்த்தைகளில் வழவழப்பு வேண்டாம். 'தேவைப்பட்டால் பதில் அனுப்பலாம்' என்று எழுதினால், ஒருவர் அனுப்புவார், இன்னொருவர் அனுப்ப மாட்டார், மூன்றாமவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருப்பார். 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119 மஸ்ட் (கட்டாயம்), ஷுட் (பரிந்துரை), மே (விருப்பம்) என்ற சொற்களுக்கு நிலையான பொருள் வகுத்தது இதற்காகத்தான். ஆவணம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, உங்கள் கோட் எதையும் பார்க்காத ஒருவர் ஆவணத்தை மட்டும் படித்து இன்னொரு செயலாக்கம் (அந்த நெறிமுறையில் ஓடும் புரோகிராம்) எழுதுவது. ஐஈடிஎஃப்பும் முழுமையான இணையத் தரநிலை என்ற தகுதிக்கு, தனித்தனியாக எழுதப்பட்டு ஒன்றோடொன்று பேசக்கூடிய குறைந்தது இரண்டு செயலாக்கங்களைக் கேட்கிறது.

எதிர்காலத்துக்கு இடம் விடும் விஷயத்தில் பிட்டோரண்ட் நல்லதும் செய்திருக்கிறது, கெட்டதும் செய்திருக்கிறது. அதன் முதல் செய்தி 68 பைட், அதில் 8 பைட் வெறுமனே ஒதுக்கப்பட்டவை. பிறகு வந்த வசதிகள் பல அந்த 8 பைட்டில் ஒவ்வொரு பிட்டைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தன. ஆனால் ஹேஷ் கணக்கிடும் முறை ஷா-1, நீளம் 20 பைட் என்று இறுக்கிவிட்டார்கள். 2017-இல் வெவ்வேறு இரண்டு கோப்புகளுக்கு ஒரே ஷா-1 ஹேஷ் வரவைத்து, அதை உடைக்க முடியும் என்று ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். இரண்டாம் பதிப்பு 32 பைட் ஷா-256-க்கு மாறியும், பழைய இடத்தில் பொருந்துவதற்காக அதை 20 பைட்டாக வெட்ட வேண்டியதாயிற்று. ஹேஷுக்கு முன்னால் அது எந்த வகை, எத்தனை பைட் என்று இரண்டு சின்ன எண்களைப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. விட்ட இடத்தை யாரும் பயன்படுத்தாமலே இருந்தாலும் சிக்கல்தான்: அது எப்போதும் பூஜ்யம் என்று பழைய கோட் நம்பிவிடும். அதனால்தான் இணையப் பேச்சை மறையாக்கும் டிஎல்எஸ்ஸில் கிரீஸ் (GREASE) என்ற முறை (ஆர்எஃப்சி 8701, 2020) அர்த்தமில்லாத மதிப்புகளை வேண்டுமென்றே அவ்வப்போது அனுப்பச் சொல்கிறது.

எதிர்முனையில் இருப்பவர் நல்லவர் என்ற நினைப்பில் எழுதாதீர்கள். அடையாள எண்ணை அவரவரே தேர்ந்தெடுக்கலாம் என்றால், ஒருவரே ஆயிரம் பேராக வந்து நிற்பார். அதற்குப் பயந்து 'ஒரு ஐபிக்கு ஒரு ஆள்' என்று விதி வைத்தால், ஒரே பொது முகவரியில் இருக்கும் தெருக்காரர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். நியாயமான எண்ணிக்கை எது என்பதை நம் ஊர் இணைப்புகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். முன்கூட்டியே இணைப்பு ஏற்படுத்தாமல் செய்தி அனுப்பும் யூடிபி முறை என்றால் இன்னொன்று: அனுப்பியவரின் முகவரி உண்மைதானா என்று உறுதியாகும்வரை பெரிய பதில் அனுப்பக்கூடாது. வந்ததைப் போல மூன்று மடங்குதான் என்று, யூடிபி மேல் ஓடும் குயிக் (QUIC) நெறிமுறை வரம்பு வைத்திருக்கிறது.

கடைசியாக, முதல் பியரை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலான வடிவமைப்புகளில் எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு சர்வர்தான் அறிமுகம் செய்துவைக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. பக்கத்துப் பிளாக்கில் இருப்பவருக்கு 'பால் இருக்கிறதா' என்று செய்தி அனுப்பக் கடல் தாண்டிப் போய் வர வேண்டும் என்றால், அந்த நாளில் அந்த நெறிமுறை இருந்தும் பயனில்லை. ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் வெளி சர்வர் இல்லாமலே ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் உள்ளூர்த் தேடலை (எம்டிஎன்எஸ், ஆர்எஃப்சி 6762) கட்டாயப் பகுதியாகவே வையுங்கள். சில விடுதி, அலுவலக வைஃபைகளில் அது தடுக்கப்பட்டிருக்கும். அதனால் முன்பு பேசிய பியர்களின் முகவரிகளைச் சேமித்து வைப்பது, கியூஆர் மூலம் கையோடு கொடுப்பது ஆகிய இரண்டு வழிகளும் வேண்டும். சோதிப்பது எளிது: ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கிவிட்டு, இரண்டு போன்களையும் அணைத்து மீண்டும் போட்டு, ஒன்றையொன்று கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள்.